மழைக்காலச் சாடி

எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் மாங்காய் ஊறுகாய் இரண்டு சாடிகளில் இடப்படும். சிறிய சாடி அன்றாடப் புழக்கத்துக்குரியது. வைகாசியில் திறந்தால் ஐப்பசிக்குள் அடி தெரிந்துவிடும். பெரிய சாடி மழைக்காலத்துக்குரியது. சித்திரை வெயிலில் ஓட்டோடு வெட்டிய மாங்காயை உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் கடுகுப்பொடியும் நல்லெண்ணெயும் சேர்த்து, ஒரு கிழமை நாள்தோறும் கிளறி, வாயைத் துணியால் கட்டிச் சரக்கறையின் மூலையில் வைத்துவிட்டால், கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் வரை அதை ஒருவரும் தொடுவதில்லை. அன்று என் மனைவி அதைத் திறப்பாள். எங்கள் தெருவில் மூன்று வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கிண்ணத்துடன் வந்து நிற்பர். முதலில் அள்ளுவது அவர்களுக்கு, பிறகே எங்களுக்கு. மழை பிடித்துக்கொண்டால் ஆரணியில் நல்ல காய்கறி வருவது அரிது. தெருவில் நெசவுக்குப் பாவு நூல் விரிக்க இயலாமல் தறிகளும் பாதி ஓய்ந்திருக்கும். அந்நாளில் அந்தச் சாடியும், மாடியில் உலர்த்தித் தகரப் பெட்டியில் அடைத்த கொத்தவரை வற்றலும் மோர்மிளகாயும் வடகமுமே எங்கள் அடுக்களையைத் தாங்கி நிற்கும்.

சென்ற ஆண்டு அந்தச் சாடியைக் கெடுத்தவன் நான். அதற்கான பழியைச் சுமந்தவள் என் மருமகள். அவள் சுமக்கிறாள் என்று தெரிந்தே ஐந்து திங்கள் நான் வாய் திறவாதிருந்தேன்.

என்னைப் பற்றி ஒன்றிரண்டு செய்திகளைக் கூறியாக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மகளிர் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தவன். வீட்டிலும் தூய தமிழிலேயே பேச வேண்டும் என்னும் பிடிவாதம் உடையவன். நான் ‘சாடி’ என்னும்போதெல்லாம் என் மனைவி, “ஜாடின்னு சொன்னா வாயில இன்னா புண்ணா வரும்?” என்று கேட்பாள். பத்தாம் வகுப்பு மாணவியர் பள்ளியை விட்டுச் செல்லும் ஒவ்வோர் ஆண்டும் அவர்களுக்கு ஓர் உரை நிகழ்த்துவேன். உடலின் இயல்பான நிகழ்வுக்குத் தீட்டென்று பெயரிட்டு உங்களை ஒதுக்கி வைக்கும் வீட்டில் தலைகுனிந்து நிற்காதீர்கள் என்பது அவ்வுரையின் நடுப்பகுதி. மாணவியர் கைதட்டுவர். உடன் பணியாற்றிய ஆசிரியைகள் பாராட்டுவர். அவ்வுரையை முடித்துவிட்டு வீடு திரும்பி, திங்கள்தோறும் மூன்று நாள் ஊறுகாய்ச் சாடிப் பக்கமே போகாத மனைவி, நான்காம் நாள் தலைமுழுகி வந்து எடுத்துப் பரிமாறிய ஊறுகாயை நான் உண்டிருக்கிறேன். அது என் கண்ணில் பட்டதே இல்லை. படவில்லை என்று இப்போது எழுதுகிறேன். பட்டிருக்கக்கூடும், ஊறுகாய் நன்றாக இருந்தமையால் கேளாமல் இருந்திருப்பேன்.

என் மகன் சென்னையில் பணிபுரிகிறான். கிழமை இறுதியில் வந்து செல்வான். மருமகள் எங்களோடு இருக்கிறாள். களம்பூரைச் சேர்ந்த பெண். இங்கே கடைத்தெருவில் உள்ள ஒரு குருதி ஆய்வகத்தில் வேலை. எங்கள் தெருவார் பலரும் அவளிடம் கை நீட்டி ஊசி குத்திக்கொண்டவர்களே. விடியலில் வண்டியை எடுத்துக்கொண்டு போவாள். நண்பகலுக்குப் பிறகு வருவாள். ஞாயிறுதோறும் காலையில் என் குருதி அழுத்தத்தை அளந்து ஒரு தாளில் குறித்து வைப்பாள். அழுத்தம் மிகுதியாக இருந்தமையால் மருத்துவர் எனக்கு உப்பைக் குறைத்து, ஊறுகாயை அறவே விலக்கியிருந்தார்.

சென்ற ஆண்டு சித்திரையில் என் மனைவிக்குத் தோள்மூட்டு வலி. கிளறுவதற்குக் கை ஒத்துழைக்கவில்லை. வெட்டி வாங்கி வந்த மாங்காயை வெள்ளை வேட்டியில் பரப்பியபின் மருமகளைக் கூப்பிட்டு, “இந்த வருஷம் பெரிய ஜாடி உன்னுது. நான் பக்கத்துல குந்திகினு சொல்றேன், நீ போடு” என்றாள். கலியாணமாகி இரண்டாம் ஆண்டு அது. பெரிய சாடியைத் தன் கையால் இட இந்த வீட்டில் என் மனைவிக்கே எட்டு ஆண்டுகள் ஆயின என்பதை மருமகள் அறிவாள். அன்று மாலை அவள் தன் தாயிடம் கைப்பேசியில், “அம்மா, பெரிய ஜாடியே என்கிட்ட குட்த்துட்டாங்க” என்று சொல்லிச் சிரித்தது மாடிப்படியில் என் காதில் விழுந்தது.

இட்ட மூன்றாம் நாள், கலசப்பாக்கத்தில் தன் தங்கை வீட்டில் காதணி விழா என்று என் மனைவி புறப்பட்டுச் சென்றாள். நான்கு நாள் கழித்தே வந்தாள். அந்த நான்கு நாளும் மருமகளே தனியாகக் கிளறினாள். ஈரமில்லாத மரக்கரண்டி, ஈரமில்லாத கை, மேலே விரற்கடை உயரம் எண்ணெய் நிற்க வேண்டும் என்று என் மனைவி கைப்பேசியில் நாளுக்கு இருமுறை சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, “பரவாயில்ல, கை மணம் இருக்குது” என்றாள். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஐப்பசியில் அடைமழை. சிறிய சாடியும் தீர்ந்துவிட்டது. எனக்கு உப்பில்லாத இட்டலி, உப்பில்லாத மோர்ச்சோறு. ஒரு பிற்பகல் மனைவி கண்ணயர்ந்திருந்தாள். மருமகள் ஆய்வகத்திலிருந்து திரும்பவில்லை. என் அறையில் ஒரு குவளையில் காம்பு வளைந்த சிறு கரண்டி ஒன்று எப்போதும் இருக்கும். வெந்நீரில் ஓமத்தூளைக் கலக்கிக் குடிப்பதற்காக வைத்திருப்பது. அதை எடுத்துக்கொண்டு, பகலில் பூட்டாத சரக்கறைக்குச் சென்றேன். துணியை அவிழ்த்தேன். ஒரே ஒரு துண்டு. திரும்பவும் கட்டினேன்.

மறுநாளும் சென்றேன். அதற்கு மறுநாளும். எத்தனை நாள் என்பதை எழுதக் கை கூசுகிறது. கரண்டியைத் துடைத்தேனா என்று கேட்டால், துடைக்கவில்லை. ஓமநீரின் ஈரத்தோடுதான் அதை ஒவ்வொரு முறையும் எண்ணெய்க்குள் விட்டேன். ஈரம் பட்டால் கெடும் என்பதை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தவன். ஆயினும் அது அடுக்களைக்கு உரிய அறிவு, எனக்கு உரியதன்று என்பதுபோல் இருந்துவிட்டேன். கடைசி நாள் வாயிலில் வண்டி நிற்கும் ஓசை கேட்டது. பதற்றத்தில் கரண்டி வழுக்கி உள்ளே விழுந்து மூழ்கிற்று. கையை விட்டுத் துழாவத் துணிவில்லை. துணியைக் கட்டிவிட்டு வெளியே வந்து, நாளிதழை விரித்துக்கொண்டு அமர்ந்தேன். நாளை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். மறுநாள் மனைவி தூங்கவில்லை. அதற்கடுத்த நாள் விருந்தினர். பிறகு எடுக்கவே இல்லை.

அந்த ஞாயிறு மருமகள் என் கையில் பட்டையைச் சுற்றி அளந்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள். “இன்னா மாமா, ஏறிகினே போவுது? உப்பு எங்கேர்ந்துதான் வருது?”

“முதுமை, அம்மா” என்றேன்.

விளக்கீட்டுக்கு முதல்நாள் பிற்பகல். மூன்று பெண்களும் கிண்ணங்களோடு வந்து கூடத்தில் அமர்ந்திருந்தனர். எதிர்வீட்டு அம்மையார் எள்ளிப் பேசுவதில் தேர்ந்தவர். “வாத்தியார் வூட்டு ஊறுகாய்க்கு ஏழு மாசமா நாக்கு தொங்கிகினு இருக்குது. ஜல்தி எடுத்தாங்கக்கா” என்றார். மருமகளும் அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பி, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வாயிற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் இட்ட சாடி திறக்கப்படும் நாள். அதற்காகவே விரைந்து வந்திருக்கிறாள். மழையில் தோள் நனைந்திருந்தது.

என் மனைவி சாடியைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்துத் துணியை அவிழ்த்தாள். மேலே வெண்ணிறப் பூஞ்சை ஆடைபோல் படர்ந்திருந்தது. நாற்றம் கூடம் முழுதும் பரவிற்று.

மூன்று பெண்களும் குனிந்து பார்த்தனர். பிறகு மூலைவீட்டுப் பெண்மணி மெல்ல, “இந்த வூட்ல இதுவரைக்கும் இப்டி ஆனதே இல்லியே” என்றார்.

மனைவி மருமகளை ஏறிட்டாள். “நான் ஊருக்குப் போயிருந்தேனே, அந்த நாலு நாளு. நீ வூட்டுக்குத் தூரமா இருந்தப்போ இதத் தொட்டியா?”

மூன்று பெண்கள் எதிரில், மாமனார் எதிரில், அந்த வினா கேட்கப்பட்டது. மருமகளின் முகம் நெருப்பில் காட்டியதுபோல் ஆயிற்று.

“இல்ல அத்தை. தொடல.”

“பின்ன எப்டிக் கெட்டுச்சு? தானாவா கெட்டுச்சு?”

“இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அதெல்லாம் இன்னா தெரியும், வுடுங்கக்கா” என்றார் எதிர்வீட்டார். “நாள் முச்சூடும் ரத்தத்தத் தொடற கை. தூரம் இன்னா, கிட்டம் இன்னா.”

மற்ற இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டனர். நான் நான்கு முழத் தொலைவில் நாற்காலியில் இருந்தேன். என் கையில் நாளிதழ். பள்ளியில் ஆண்டுதோறும் நிகழ்த்திய உரையின் ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். ஒரே ஒரு தொடரைச் சொல்லியிருந்தால் போதும்: கரண்டி என்னுடையது. நான் நாளிதழின் பக்கத்தைத் திருப்பினேன். தாள் சரசரத்த அவ்வோசை இப்போதும் என் செவியில் இருக்கிறது.

மருமகள் தலைக்கவசத்தைக் கீழே வைத்துவிட்டு, சாடியை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குச் சென்றாள். முருங்கை மரத்தடியில் குழி தோண்டிக் கொட்டும் ஓசை கேட்டது. பெண்கள் வெறுங் கிண்ணங்களோடு போயினர்.

மறுநாள் காலை ஓமநீர் கலக்க எழுந்தேன். என் குவளையில் கரண்டி இருந்தது. காம்பு வளைந்த அதே கரண்டி. புளியிட்டுத் துலக்கி, ஈரம் போகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

அவள் எதுவும் கேட்கவில்லை. அந்த ஞாயிறு வழக்கம்போல் அளவுகருவியோடு வந்து அமர்ந்து, பட்டையைச் சுற்றினாள். காற்று ஏறுகையில், “அம்மா, அந்தக் கரண்டி...” என்று தொடங்கினேன்.

“பேசாதீங்க மாமா. பேசினா ஏறும்” என்றாள், எண்களைப் பார்த்தபடி.

எடுத்த பின்னும் நான் பேசலாம் அல்லவா? பேசவில்லை. அடுத்த ஞாயிறும் அவ்வாறே கழிந்தது. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை முதலில் ஓர் ஆறுதலாகவே கொண்டேன். என் மதிப்பை அவள் காக்கிறாள் என்று கருதி, அதை ஏற்றுக்கொள்ளவும் செய்தேன். இதைவிடக் கீழான நிலை ஒன்று இருக்கக்கூடுமா என்று பிறகு பலமுறை எண்ணியிருக்கிறேன்.

வீட்டில் அவளுடைய இடம் சுருங்குவதைக் கண்ணெதிரில் கண்டேன். பெரிய சண்டை எதுவும் இல்லை. சரக்கறைச் சாவி மனைவியின் இடுப்புக்குத் திரும்பியது. தயிருக்கு உறை ஊற்றப் போனால், “இரு, நான் வரேன்” என்னும் குரல் எழும். மாசியில் மாடியில் வடகம் பிழிய மூன்று பெண்களும் கூடியபோது, மருமகள் முறுக்குக் குழலை எடுத்துக்கொண்டு படியேறினாள். “நீ கீழயே இரும்மா, எதுக்கும் இருக்கட்டும்” என்றாள் மனைவி. எந்த நாளாக இருந்தாலும் இப்போது ‘எதுக்கும் இருக்கட்டும்’தான். மருமகள் குழலைப் படியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். பங்குனியில் ஒருமுறை என் மகன் வந்திருந்தபோது, வேலூரில் தனியாக வீடு பார்க்கலாமா என்று இருவரும் மாடியறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. “இங்க நான் யாருங்க?” என்றாள் அவள்.

ஒரு கரண்டியின் ஈரம் ஒரு பெண்ணை வீட்டை விட்டுப் போகச் செய்யும் நிலைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அச்சம் தட்டிற்று.

இவ்வாண்டு சித்திரையில் மாங்காய் வந்தது. மாடியில் வேட்டியை விரித்து, மனைவியும் மூன்று பெண்களும் துண்டுகளைத் துடைத்துப் பரப்பிக்கொண்டிருந்தனர். கரண்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான் படியேறினேன். சொல்ல வேண்டியதை இரண்டு நாள்களாக மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தேன். எனினும் நின்றவாறே திக்கித் திணறித்தான் சொன்னேன். சென்ற ஆண்டு சாடியைத் திறந்து திருடி உண்டவன் நான், ஈரக் கரண்டி என்னுடையது, அது உள்ளே விழுந்தது, மருமகள்மேல் எந்தப் பிழையும் இல்லை.

நால்வரும் என்னைப் பார்த்தனர். எதிர்வீட்டார்தான் முதலில் சிரித்தார். “பாருங்கக்கா, மருமகளுக்கு வாத்தியாரு வக்காலத்து வாங்கிகினு வந்துட்டாரு!”

“நான் உண்மையைத்தான் சொல்கிறேன்” என்றேன்.

“உப்பில்லாத சாப்பாட்ட அஞ்சு வருஷமா முணுமுணுக்காம துன்ற மனுசன்” என்றாள் மனைவி, மாங்காயைத் துடைத்தபடி. “திருடுற மூஞ்சியா இது? அந்தப் பொண்ணு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருக்குதுன்னு பேஜாராயிட்டு வந்து பொய் சொல்றீங்க. போங்க, வெயில்ல நிக்காதீங்க.”

பையிலிருந்து கரண்டியை எடுத்துக் காட்டினேன். மேலும் சிரித்தனர். வாழ்நாள் முழுதும் வாய்மை பேசுபவன் என்று ஈட்டிய பெயர், நான் மெய்யாகவே வாய்மை பேசிய அன்று எனக்கே குறுக்கே நின்றது. அந்நிலையில் இன்னொரு தவற்றைச் செய்தேன். படியருகே சென்று மருமகளை உரக்கக் கூப்பிட்டேன். அவள் வந்தாள்.

“அம்மா, இந்தக் கரண்டி சாடியில் கிடந்ததா இல்லையா? நீயே சொல்.”

அவள் கரண்டியைப் பார்த்தாள். பிறகு என்னை. எனக்குச் சான்று கூறித் தன்னையும் விடுவித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

“கெடந்துச்சு மாமா. ஆனா அது இருக்கட்டும்” என்றாள். என் மனைவியின் பக்கம் திரும்பினாள். “அத்தை, போன வருஷம் நீங்க கலசப்பாக்கம் போன மறுநாளே எனக்குத் தூரம். நாலு நாளும் நான்தான் கிளறினேன். தொட்டேன். துணி கட்டினது, எண்ண ஊத்தினது எல்லாம் அந்த நாள்லதான். நீங்க வந்து மோந்து பாத்துட்டு கை மணம் இருக்குதுன்னு சொன்னீங்களே, அது அந்த ஊறுகாதான். ஐப்பசில மாமா துன்ற வரைக்கும் ஒண்ணும் ஆவல.”

மனைவியின் கை மாங்காய்த் துண்டோடு அப்படியே நின்றது. “அப்போ அன்னிக்கு எங்கிட்டப் பொய் சொன்னியா?”

“ஆமா அத்தை. அத்தினி பேர் எதிர்ல கேட்டீங்களே, நான் இன்னா சொல்வேன்?” கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “மாமா ஸ்பூன் போட்டதால கெட்டுச்சுன்னு இன்னிக்குச் சொன்னா, நான் தொடலங்கறதால தப்பிச்சேன்னு ஆயிடும். அந்த மாரி நான் தப்பிக்க வேணாம்.”

சிரிப்பு நின்றுவிட்டது. தெருவில் எங்கோ ஒரு தறி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. என் பிழையைக் கழுவிக்கொள்ள அவளைச் சான்றாக அழைத்தவன் நான். எனக்குப் பிறர் நம்பிக்கை தேவைப்பட்டது. அவளுக்குத் தேவைப்பட்டது வேறொன்று என்பது அதுவரை என் மனத்தில் தோன்றவே இல்லை. ஆண்டுதோறும் மேடையில் நான் சொன்னதை, கைதட்டுவார் இல்லாத இடத்தில், தான் இழக்கக்கூடியதை அறிந்தே அவள் சொன்னாள்.

“இந்த வருஷமும் நான் போடுவேன்” என்றாள் மருமகள். “எந்த நாளா இருந்தாலும் கிளறுவேன். சொல்லிட்டே கிளறுவேன்.”

மனைவி கையிலிருந்த துண்டைத் துடைத்து வேட்டியில் வைத்தாள். பிறகு, “போடு. தனி ஜாடியில போடு” என்றாள். இசைவா, சினமா, அறைகூவலா என்று பிரித்தறிய முடியாத குரல்.

ஆகவே இவ்வாண்டு மழைக்காலத்துக்கு இரண்டு சாடிகள். மனைவி தோள் வலியோடு ஒன்றை இட்டாள். மருமகள் சரக்கறைச் சாவியை வாங்கிக்கொண்டு மற்றொன்றை இட்டாள்; இரண்டாம் கிழமையில் ஒரு நாள் காலை கூடத்தில் நின்று, “அத்தை, இன்னிக்கு எனக்கு மொதல் நாளு. எண்ண ஊத்தப் போறேன்” என்று அறிவித்துவிட்டுச் சரக்கறைக்குள் சென்றாள். மனைவி தடுக்கவில்லை. சாவியைத் திரும்பக் கேட்கவும் இல்லை. வேலூரில் வீடு தேடும் பேச்சு, கார்த்திகை வரை பார்ப்போம் என்று நின்றது. அந்தச் சாடியின் மேல் எத்தனை சுமை ஏற்றப்பட்டிருந்தது என்பது வீட்டில் மூவருக்கும் தெரியும். அது கெட்டால், எக்காரணத்தால் கெட்டாலும், அவள் சொன்னது பொய்யாகிவிடும்.

ஆடியில் ஒருநாள் சரக்கறையில் விளக்குமாறு தேடச் சென்றேன். மருமகளின் சாடிக் கழுத்தில் நூற் கழிவால் திரித்த கயிறு ஒன்று கட்டியிருந்தது. அதில் சிறிய மரக்கரண்டி ஒன்று தொங்கிற்று. புதியது, நன்கு உலர்ந்தது. இது எதற்கென்று அவளிடம் கேட்க எனக்கு நாவெழவில்லை. அடுத்த ஞாயிறு அளந்து முடித்துப் பட்டையைக் கழற்றும்போது அவளாகவே சொன்னாள்.

“யாருக்காச்சும் ரொம்ப ஆசையாயிடுச்சுன்னா, ஈரமில்லாம எடுத்துக்கட்டும்னு வெச்சேன் மாமா.”

கேலியாகத்தான் சொன்னாள், சிரிக்கவும் செய்தாள். எதிர்வீட்டார் மொழிந்த எந்தச் சொல்லும் என்னை அந்த அளவுக்குச் சுட்டதில்லை. என் உறுதியின்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அதற்கு அவளைக் குறை சொல்ல இயலாது. ஆயினும் எனக்கென ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தாள். ஐப்பசி மழை தொடங்கி, சிறிய சாடியும் தீர்ந்த பிற்பகல்களில் அந்தக் கயிறும் கரண்டியும் என் கண்ணை விட்டு அகலவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விளக்கீட்டுக்கு முதல்நாள் மூன்று பெண்களும் வந்தனர். மருமகள் அன்று வேலைக்குப் போகவில்லை. இரண்டு சாடிகளும் கூடத்துக்கு வந்தன. மனைவி முதலில் தன்னுடையதைத் திறந்தாள், நன்றாக இருந்தது. பிறகு மற்றொன்றின் துணியை அவிழ்த்தாள். முடிச்சை அவிழ்க்க வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. எண்ணெய் கண்ணாடிபோல் நின்றது. கடுகின் நெடி எழுந்தது. குனிந்து முகர்ந்தாள். கழுத்தில் தொங்கிய மரக்கரண்டியை விரலால் தடவினாள். எண்ணெய்க் கறை ஏதும் இல்லை. அந்தக் கரண்டியாலேயே ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டு மென்றாள். எங்கள் எல்லாருடைய கண்ணும் அவள் தாடையின்மேல்.

மென்று முடித்த பின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஏங்க, அந்த ஸ்பூன் கத. அது நெசந்தானா?”

“நெசந்தான்” என்றேன். அந்த ஒரு சொல்லை அவள் பேச்சிலேயே சொன்னேன்.

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டார் தம் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மருமகளின் சாடியிலிருந்து இரண்டு கிண்ணங்களை நிரப்பினாள். மூன்றாவதாக எதிர்வீட்டார் கிண்ணத்தை நீட்டி, சற்றுத் தயங்கி, “எனக்கு உங்க ஜாடியிலேர்ந்தே போடுங்கக்கா” என்றார். மனைவி ஒரு நொடி நின்று, அவர் கேட்டபடியே இட்டுக் கொடுத்தாள். மருமகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவர்கள் சென்றபின் மனைவி மருமகளிடம், “உப்பு கொஞ்சம் தூக்கல். அடுத்த வருஷம் ஒரு பிடி கொற” என்றாள்.

“சரி அத்தை” என்றாள் மருமகள்.

அன்று பகலுணவில் அவர்கள் இருவர் இலையிலும் ஊறுகாய் இருந்தது. எனக்கு ஒருவரும் இடவில்லை. நானும் கேட்கவில்லை.